என் புத்தகத்து அம்மாவைத் திட்ட வந்த டீச்சர்

என் புத்தகம் வெளிவந்த மூன்றாவது வாரம் ஒருவர் போன் செய்து அழுதார். கடலூரில் இருப்பதாகவும், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றதாகவும் சொன்னார். "இவ்ளோ நடந்தும் நீங்க நல்லா இருக்கீங்களேம்மா" என்றார். நான் பாண்டியில், மூலக்குளத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நல்லா இருக்கிறேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டு ஊசியைப் போட்டேன்.

"யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்ல, வாசகர்" என்றேன்.

புத்தகத்தில் நான் எழுதியது என் பதினைந்து வயது வரைக்குமான கதை. அப்பா பாண்டி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வேலையை விடுவது அவருக்கு ஒரு பழக்கம். வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், டைப் அடிக்கத் தெரிந்தவள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதால் இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. ஒன்பது வருடத்தில் பதினோரு வீடு மாறினோம். அதில் ஒன்று வீடே இல்லை. அண்ணன் தம்பி பாகத் தகராறில் மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டர். அப்பாவைக் காவலுக்கு வைத்தார்கள். ஒன்றரை வருடம் அங்கே இருந்தோம். பால்கனி சீட்டில் படுத்தோம், திரைக்குப் பின்னால் ஸ்டவ் இருந்தது. அப்பா கடற்கரையில் சவாரி விட்ட ஒரு நொண்டிக் குதிரையை வாங்கி வந்து, டிக்கெட் வாங்க நிற்கும் கியூ சந்தில் கட்டினார். இரண்டு பக்கமும் சுவர் என்பதால் அதனால் திரும்ப முடியாது. தினமும் பின்னால் நடக்க வைத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

அம்மா, நினைத்த நாளில் எங்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டாள். கடற்கரைக்குக் கூட்டிப் போவாள். மறுநாள் லீவ் லெட்டரில் அவளுடைய சித்தப்பா இறந்துவிட்டார் என்று எழுதுவாள். அந்தச் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பாரீஸில் பென்ஷனோடு நலமாக இருந்தார். மூன்றாம் முறை இறந்தபோது அவர் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இதோடு, வீராம்பட்டினம் ஆடித் தேருக்கு என் தம்பியைக் கூட்டிப் போய், அப்பாவும் அம்மாவும் அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அவன் அம்மாவிடம் இருக்கிறான் என்று அப்பா நினைத்தார், அப்பாவிடம் இருக்கிறான் என்று அம்மா நினைத்தாள். குதிரையைப் பார்த்துக்கொள்ள என்னைத் தியேட்டரில் விட்டுப் போயிருந்தார்கள். அதனால் அப்பா சொன்னதைத்தான் எழுதினேன். மறுநாள் காலை அவன் ஒரு மீனவர் வீட்டிலிருந்து சாப்பிட்ட வாயோடு திரும்பி வந்தான்.

நான் இதையெல்லாம் நடந்தபடி எழுதினேன். படித்தவர்கள் தங்களுக்கு வேண்டியபடி படித்தார்கள். ஒரு இன்ஜினியரிங் மாணவன், தன்னைக் காலை ஐந்து மணிக்கே டியூஷனுக்கு எழுப்பிய அப்பா அம்மாவை இனி மன்னிக்க முடியாது என்றும், எனக்குக் கிடைத்த வாழ்க்கை யாருக்குக் கிடைக்கும் என்றும் எழுதினான். விழுப்புரத்திலிருந்து ஒருவர், தியேட்டர் கியூவில் குதிரை நுழையாது, தன் ஊர் தியேட்டரில் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். குதிரை ஒல்லி என்று பதில் அனுப்பினேன். நிறையப் பேர் குதிரை கடைசியில் என்ன ஆனது என்று கேட்டார்கள். நான் என்ன ஆனேன் என்று யாரும் கேட்கவில்லை. லேப் டாக்டர் மட்டும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். முன்பு ரிப்போர்ட் தாமதமானால் கத்துவார். இப்போது, "பரவால்லம்மா, உங்களால முடிஞ்சப்ப குடுங்க" என்றார்.

தம்பி மேட்டுப்பாளையத்தில் ஏ.சி. ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறான். அவனுக்குத்தான் தொந்தரவு அதிகம். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் ஏ.சி. மாட்டப் போனபோது, அந்த வீட்டம்மா புத்தகத்தைப் படித்திருக்கிறார். இவன்தான் அந்தப் பையன் என்று எப்படியோ தெரிந்து, இவனை உட்கார வைத்துச் சோறு போட்டு, சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "என்னைக் கேக்காம எதுக்குக்கா எழுதின? எனக்கு அன்னிக்கு ஜாலியாதான் இருந்துச்சு. அவங்க வீட்ல டிவி இருந்துச்சு. அது மீன் கொழம்பும் இல்ல, நண்டு. அதையும் தப்பா எழுதியிருக்க" என்றான்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எழுபத்தாறு வயது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள், பின்பக்கம் என் போட்டோவைப் பார்த்தாள், "கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்" என்று சொல்லி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். படிக்கலையா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "நான்தான் அங்க இருந்தேனே, எனக்கு எதுக்கு?" என்றாள்.

படித்தவர்களில் பாதிப் பேர் அம்மா இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அப்படி நான் எங்கும் எழுதவில்லை. திருத்தவும் இல்லை.

டீச்சரின் கடிதம் பதிப்பகம் மூலமாக வந்தது. நான்கு பக்கம். டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு பக்கம் என் புத்தகத்திலிருந்த ஒற்றுப்பிழைகள், பக்க எண்ணோடு. அடுத்த இரண்டு பக்கம் அம்மா. பிள்ளை பெற எல்லோருக்கும் உரிமை இருப்பது இந்த நாட்டின் பெரிய குறை என்று முடித்திருந்தார். நான் பதில் போடவில்லை. பதிப்பகத்தில் முகவரி வாங்கிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் லேபில் இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஒரு டீச்சர் வந்தாங்க. உன் புக்கப் பத்திப் பேசணுமாம்" என்றாள்.

"என்னா சொன்னாங்க?"

"அந்தப் பொம்பளைய நிக்க வச்சி சுடணுமாம்."

"எந்தப் பொம்பளைய?"

"என்னதான்."

நான் கைப்பையைக் கீழே வைத்தேன். "நீ என்னா சொன்ன?"

"காபி போடட்டுமான்னு கேட்டேன்."

"நீ யாருன்னு சொல்லலியா?"

"அவங்க பாதி திட்டினதுக்கு அப்புறம்தான் நீங்க யாருன்னு கேட்டாங்க. நடுவுல போயி சொன்னா நல்லா இருக்காது. உனக்குப் பெரியம்மான்னு சொல்லிட்டேன்." பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள். "அடுத்த செவ்வாக்கெழம வரேன்னிருக்காங்க. நல்ல மாதிரி."

அன்று இரவே புத்தகத்தை ஃபிரிட்ஜின் மேலிருந்து எடுத்துத் துடைத்தாள். மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். டீச்சர் வந்தால் பேச வேண்டுமே என்றுதான். நான் காலையில் கிளம்பும்போதும் படித்தாள், திரும்பும்போதும் படித்தாள். ஒருநாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி, நான் சமைக்கவே மாட்டேன்னு எழுதியிருக்க?"

"சமைச்சியா?"

"ஞாயித்துக்கெழம சமைச்சேன்."

"ஞாயித்துக்கெழம ஓட்டல்."

"ஆமா" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவ் போட்டு வீட்டில் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். டீச்சர் பத்து மணிக்கு வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் குடை. என்னைப் பார்த்து, "ஒல்லியாத்தான் இருக்க" என்றார். எனக்குச் சின்ன வயதில் சோறு போடாததன் பலன் என்று அதற்குப் பொருள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அதன்பின் நான் அங்கே தேவைப்படவில்லை.

"பத்து வயசுப் பொண்ண குதிரைக்குப் புல்லறுக்க அனுப்பியிருக்கா, அக்கா."

"மழையில வேற" என்றாள் அம்மா.

"மழையிலயா? அது புக்குல இல்லியே."

"எனக்குத் தெரியும்."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு டைபாய்டு வந்தபோது அந்தப் பொம்பளை மூன்று நாள் டாக்டரிடம் காட்டவில்லை என்றாள். எனக்கே அது நினைவில் இல்லை. டீச்சர் சொன்ன எதையும் அம்மா மறுக்கவில்லை. டீச்சர் அப்பாவைக் குறை சொன்ன இடத்தில் மட்டும், "அவரு ஒரு மாதிரி. இவ புத்தியோட இருந்திருக்கணும்" என்று பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அம்மா என்னை டீ போட அனுப்பினாள்.

டீச்சர் போன பிறகு, "உனக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவங்க சொல்றது சரிதான. யாராச்சும் இப்டி நேருக்கு நேரா சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு." டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்தே சொன்னாள். "உன் புக்கப் படிக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

"ஏன்?"

"நீ ஒரு எடத்துலயும் திட்டல."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு லேபுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று மதியம் இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்த வேண்டியிருந்தது.

இப்படி ஏழு செவ்வாய்க்கிழமை போயிற்று. இருவரும் புத்தகத்தைத் தாண்டியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். முழங்கால் வலி, மருமகள், சர்ச்சில் பூசை நேரம் மாற்றியது. டீச்சரும் கிறிஸ்தவர்தான், வேறு கோயில். ஆனால் ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் ஒரு பக்கத்தையாவது எடுத்துத் திட்டிவிட்டுத்தான் வேறு பேச்சு. ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதுபோல அது ஆகிவிட்டது.

எட்டாவது செவ்வாய்க்கிழமை ஏதோ விடுமுறை என்று நானும் வீட்டில் இருந்தேன். புத்தகத்தில் வீராம்பட்டினம் தேர் வரும் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். டீச்சர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்த ஓர் இடத்தைத் தன்னால் ஜீரணிக்கவே முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி உள்ளே வந்தான். வேலை முடித்த கையோடு, சட்டையெல்லாம் தூசி.

"அம்மா, சோறு இருக்கா?"

"இருக்கு. கைய கழுவு" என்றாள் அம்மா.

டீச்சர் அவனைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். வகுப்பில் யாரோ விசிலடித்துவிட்டு எல்லோரும் குனிந்துகொண்டால் பார்ப்பாரே, அப்படி.

"பெரியம்மான்னுதான சொன்னீங்க?"

தம்பி, "யாரு பெரியம்மா?" என்றான்.

"நீங்களா அது?" என்றார் டீச்சர்.

"நான்தான் டீச்சர்."

"இத்தன நாளா உங்க மூஞ்சிக்கு எதிர்லயா நான்…"

"எட்டு செவ்வாக்கெழம" என்றாள் அம்மா. "நான் ஒண்ணும் தப்பா நெனச்சிக்கல."

டீச்சர் குடையை எடுத்தார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் குரலில் கேட்டார். "அப்ப நேராவே கேக்கறேன். பதில் சொல்லணும். பெத்த புள்ளய திருவிழாவுல எப்டி மறந்தீங்க?"

தம்பி தட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தான். அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மறக்கல. அன்னிக்குத் தேரு பாக்கறப்ப அவரு சொன்னாரு, மரக்காணத்துல உப்பளத்துக்குக் காவல் வேல பேசியிருக்கேன், அடுத்த வாரம் போறோம்னு. இது எத்தனாவது வீடுன்னு கேட்டேன். எண்ணலன்னாரு. இவன் அவரு பக்கத்துல பீப்பி ஊதிக்கிட்டு நின்னான். சரி, புள்ள அவருகிட்ட இருக்குன்னு நான் அரியாங்குப்பம் வரைக்கும் நடந்து வந்து கடலூர் பஸ்ல ஏறிட்டேன்."

"கடலூர்ல யாரு இருந்தாங்க?" என்றார் டீச்சர்.

"யாரும் இல்ல. திரும்பி வரக் கூடாதுன்னு ஏறினேன்."

எனக்கு இது புதிது. என் புத்தகத்தில் அந்த நாள் மூன்று பக்கம் வருகிறது. தேர், கூட்டம், பலூன்காரன், இரண்டு பேரும் தனித்தனியாக வீட்டுக்கு வந்தது எல்லாம் இருக்கிறது. கடலூர் பஸ் இல்லை.

"அப்புறம்?"

"கன்னியக்கோயில்ல எறங்கிட்டேன். அங்கதான் பாண்டி முடியுது. அதுக்கு அந்தாண்ட எனக்கு யாரையும் தெரியாது. இந்தாண்டயும் யாரும் பேசறது இல்லதான், ஆனா மூஞ்சியாவது தெரியும். ஒரு கடையில டீ வாங்கிக் குடிச்சேன். ரெண்டு பஸ் போச்சு, ஏறல. மூணாவது எதிர்ப்பக்கமா போற பஸ்ஸு. அதுல ஏறிட்டேன். தியேட்டருக்கு வந்து பாத்தா புள்ள இல்லாம அவரு மட்டும் உக்காந்திருக்காரு. புள்ள எங்கன்னேன். உன்கிட்ட இல்லியான்னாரு. அவரு பக்கத்துல நின்னவன், நான் போனப்ப என் பின்னாலயே வந்திருக்கான்போல. நான் திரும்பிப் பாக்கல."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். "அப்ப நீ என்னை வுட்டுட்டுத்தான் போனியா?"

"அப்பாகிட்ட வுட்டுட்டுப் போனேன்" என்றாள் அம்மா. "அவருகிட்ட நீ இல்ல."

அவன் அதைக் கொஞ்ச நேரம் மென்றான். பிறகு, "ரசம் ஊத்து" என்றான். அம்மா எழுந்து போய் ரசம் கொண்டுவந்தாள்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். ரொம்ப நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது ஏதாவது பெரிதாகத் திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"நான் கன்னியக்கோயில் வரைக்கும்கூட போனதில்ல அக்கா" என்றார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். ரெண்டு தடவ. ஒரு தடவ பெட்டியோட. ஸ்டூடண்ட் ஒருத்தி பாத்துட்டு, எங்க மிஸ் போறீங்கன்னா. திரும்பிட்டேன்."

அம்மா தலையாட்டினாள். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் தம்பியின் வண்டியைப் பார்த்து, இப்படி வழியில் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பி எனக்குப் போன் செய்தான். "கன்னியக்கோயில் வரைக்கும் வண்டியில போயிப் பாத்தேன்க்கா" என்றான். "ஒண்ணும் ரொம்பத் தூரம் இல்ல." நான் உம் கொட்டினேன். பிறகு கம்ப்ரஸர் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அம்மா இரண்டு நாளும் பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் போடலாமே என்றேன். "வேணாம். அவங்களுக்கா தோணணும்" என்றாள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார்.

"லெட்டர்ல எழுதினத நான் வாபஸ் வாங்கல" என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"வாங்க வேணாம்" என்றாள் அம்மா. "உள்ள வாங்க."

இரண்டாம் பதிப்பு போடும்போது, திருத்தம் இருந்தால் அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்தில் கேட்டார்கள். மீன் குழம்பை நண்டு என்று மாற்றினேன். ஒற்றுப்பிழைகளை டீச்சரின் பட்டியல்படி சரிசெய்தேன். கன்னியக்கோயிலைச் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சமீபமாகத்தான் இந்தப் பழக்கம்.

"சேக்காத" என்றாள். "அத எழுதினா எல்லாரும் என்னப் பாவம்னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. திட்டறதே போதும்."

சேர்க்கவில்லை. புத்தகம் பழையபடியே வந்தது. போன்கள் வந்தன, அழுதார்கள், குதிரையைக் கேட்டார்கள். எல்லோருக்கும் நான்தான் பதில் சொன்னேன். போன மாதம் வில்லியனூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வேலை. ஒரு கல்யாண மண்டபத்தில் தன் இரண்டு வயதுக் குழந்தையை நாத்தனார் மடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்து, மெயின் ரோடு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினாளாம். யாருக்கும் தெரியாது. உங்கள் புத்தகத்தைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை, நானும் அந்த அம்மா மாதிரிதானா என்று கேட்டிருந்தாள்.

நான் அந்தக் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். என்ன எழுதினாலும் லேபிலிருந்து ரிப்போர்ட் அனுப்புவதுபோல இருந்தது. நான்காம் நாள் அதை அம்மாவிடம் கொடுத்தேன். படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். பேப்பர் கேட்டாள், பேனா கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சரும் பக்கத்தில் இருந்தார். நான் லேபுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது கவர் மேஜைமேல் இருந்தது. முகவரி டீச்சரின் கையெழுத்து, முத்து முத்தாக. "காலையில போறப்போ போஸ்ட்ல போட்டுடு" என்றாள் அம்மா. "நீ கன்னியக்கோயிலப் பத்தி எழுதணும்னு கேட்டியே, அதையும் இப்ப எழுதிக்கோ. புக்குல வேணாம், தனியா."

கவரைப் புரட்டிப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தாள்.